காப்பவரைக் காத்த மருத்துவர்

தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்துக்கும் மலாயாவுக்கும் உள்ள உறவு நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது. பிழைப்புத் தேடி இவ்வூர்களிலிருந்து கப்பலேறிய குடும்பங்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் காலூன்றின. பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் சூலியா தெரு என்ற பெயரில் ஒரு தெரு இன்றும் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களைக் குறிக்க அங்கு வழங்கிய சொல்தான் சூலியா. அந்தத் தெருவில் 1904-ஆம் ஆண்டின் இறுதியில் 25 வயதுச் சீன மருத்துவர் ஒருவர் தனியாக மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, மஞ்சூரியாவின் உறைபனியில், சுமார் 60,000 உயிர்களைக் குடித்த ஒரு கொள்ளைநோயை நான்கே மாதங்களில் அடக்கியவர் என்று உலகம் அவரைக் கொண்டாடியது. அவர் பெயர் வூ லியன்தே.

கொரோனா காலத்தில் உலகெங்கும் மக்கள் முகக்கவசம் அணிந்தபோது, பத்திரிகைகள் அவரை மீண்டும் நினைவுகூர்ந்தன. முகக்கவசத்தின் முன்னோடி என்ற அளவிலேயே அந்த நினைவுகூரல் பெரும்பாலும் நின்றுவிட்டது. அவருடைய வாழ்க்கை கற்பிக்கும் பாடம் அதைவிடப் பெரியது. கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவப் பணியாளரின் பாதுகாப்பு என்பது அவரவர் துணிச்சலையோ தியாக உணர்வையோ பொறுத்த தனிமனித விவகாரம் அன்று. அது நோய்த் தடுப்பின் முதல் படி. அதை ஏற்பாடு செய்து தருவது அரசின், நிறுவனத்தின் கடமை. இதுவே அந்தப் பாடம்.

வூ லியன்தே 1879 மார்ச் 10 அன்று பினாங்கில் பிறந்தார். தந்தை தென்சீனத்திலிருந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு ஃப்ரீ பள்ளியில் படித்த வூ, 1896-இல் மகாராணியார் கல்வி உதவித்தொகையை வென்று இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜின் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற முதல் சீனர் அவரே. லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பயிற்சி முடித்தபின் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியிலும், ஜெர்மனியின் ஹாலே நகரிலும், பாரிசின் பாஸ்டர் நிறுவனத்திலும் நுண்ணுயிரியல் கற்றார். நோய்க்கிருமிகள் ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த அறிவியலின் தலைவாசல்களிலேயே நின்று கற்றவர் அவர்.

1903-இல் ஊர் திரும்பியவருக்கு ஒரு கசப்பான உண்மை காத்திருந்தது. மலாயாவின் மருத்துவப் பணியில் உயர் பதவிகள் ஐரோப்பியருக்கே உரியவை. கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றிருந்தாலும் ஆசியர் ஒருவர் உதவியாளர் நிலைக்கு மேல் உயர வழியில்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓராண்டு காலம் பெரிபெரி நோயை ஆராய்ந்துவிட்டு, பினாங்கு வந்து சூலியா தெருவில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்.

அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. அபின் பழக்கம் மலாயாச் சீனர்களின் குடும்பங்களை அரித்துக்கொண்டிருந்தது. அபின் வரியோ காலனி அரசின் கருவூலத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. அரசின் வருவாயில் கைவைக்கும் சீர்திருத்தவாதியை எந்த அரசும் விரும்புவதில்லை. அபின் எதிர்ப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்ற வூவின் மருந்தகம் 1907-இல் சோதனையிடப்பட்டது. மருத்துவத்துக்காக வைத்திருந்த சிறிதளவு அபின் கரைசல் கண்டெடுக்கப்பட்டு, அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அந்த அவமானத்தின் நிழலில் இருந்தபோதுதான் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. 1908-இல் தியான்ஜின் நகரின் ராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணை இயக்குநராகச் சென்றார்.

1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவிலிருந்து செய்திகள் வரத் தொடங்கின. காய்ச்சலும் இருமலும் கண்டு, ரத்தம் கக்கி, ஓரிரு நாள்களில் மக்கள் மடிகின்றனர் என்பதே அச்செய்தி. நோய் பிறந்த விதம் பொருளியல் மாணவர்கள் கவனிக்கத் தக்கது. மங்கோலியப் புல்வெளிகளில் வாழும் தார்பகன் என்னும் கொழுத்த அணிலினத்தின் தோலுக்கு ஐரோப்பியச் சந்தையில் திடீரென விலை ஏறியது. அந்த விலையைக் கண்டு, வேட்டை அனுபவமே இல்லாத ஏழைத் தொழிலாளர்கள் சீனத்தின் பிற பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் அங்கே குவிந்தனர். தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய மங்கோலியர்கள், தள்ளாடி நடக்கும் நோயுற்ற விலங்கைத் தொடமாட்டார்கள். புதியவர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. எளிதில் அகப்படும் விலங்கு அவர்களுக்கு அதிர்ஷ்டமாகவே பட்டது. குளிருக்கு அஞ்சி, காற்றுப் புகாத விடுதிகளில் நெருக்கியடித்துத் தங்கினர். நோய் மூச்சுக்காற்றின் வழி பாய்வதற்கு இதைவிட ஏற்ற சூழல் வேண்டியதில்லை. புதிதாகப் போடப்பட்டிருந்த ரயில் பாதை எஞ்சிய வேலையைச் செய்தது.

சீன அரசு வூவை ஹார்பினுக்கு அனுப்பியது. டிசம்பர் இறுதியில், மூத்த மாணவர் ஒருவரை மட்டும் உதவிக்கு அழைத்துக்கொண்டு அவர் அங்கு போய்ச் சேர்ந்தார். வயது 31. ஹார்பினின் சீனக் குடியிருப்பான ஃபூஜியாதியனில் சுமார் 24,000 பேர் நெருக்கமாக வாழ்ந்தனர். வெப்பநிலை உறைநிலைக்கு 20, 30 டிகிரி கீழே. ஆய்வுக்கூடம் என்று சொல்லத் தக்க எதுவும் இல்லை. விடுதி நடத்திவந்த ஒரு ஜப்பானியப் பெண் அந்நோயால் இறந்தார் என்ற செய்தி வந்ததும், அச்சடலத்தை அறுத்துப் பார்க்க வூ முடிவுசெய்தார். இறந்தவர் உடலைச் சிதைப்பது சீன மரபில் பெரும் பாவம். அது வெளியே தெரிந்தால் மருத்துவரின் உயிருக்கே ஆபத்து. எனினும் ஒரு சிறிய அறையில் அந்தப் பரிசோதனை நடந்தது. நுரையீரலிலும் பிற உறுப்புகளிலும் பிளேக் கிருமிகள் மொய்த்திருந்தன.

பிளேக் என்றதும் அன்றைய மருத்துவ உலகுக்கு முதலில் நினைவுக்கு வந்தது பம்பாய். 1896-இல் அந்நகரில் வெடித்த பிளேக், அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்த மாபெரும் துயரத்திலிருந்து அறிவியல் கற்ற பாடம், எலியும் எலியின் மீது வாழும் தெள்ளுப்பூச்சியுமே நோயைப் பரப்புகின்றன என்பது. பம்பாயில் நடந்த ஆய்வுகள் இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருந்தன. ஆகவே ஹார்பினிலும் எலிகளைப் பிடித்தால் போதும் என்றே பெரும்பாலான வல்லுநர்கள் கருதினர்.

வூ எலிகளைப் பிடித்துச் சோதித்தார். நோயுற்ற எலி அகப்படவில்லை. நோயாளிகளுக்கு அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறிக்கட்டிகளும் இல்லை. நோய் வீட்டுக்கு வீடு, மனிதரிடமிருந்து மனிதருக்கு, அதுவும் அருகில் இருந்தவர்களுக்கே தாவியது. இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகளின் வழியே நோய் நேரடியாக நுரையீரலுக்குள் புகுகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். பம்பாய்ப் பாடம் பொய்யன்று; ஆனால் அது வேறொரு வடிவ நோய்க்கான பாடம். நேற்றைய கொள்ளைநோய்க்கு வகுத்த விதியை இன்றைய கொள்ளைநோய்க்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அந்த முடிவிலிருந்து பிறந்ததே முகக்கவசம். அறுவை அரங்குகளில் மருத்துவர்கள் மெல்லிய துணியால் வாயை மூடும் வழக்கம் சில ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் தோன்றியிருந்தது. நோயாளியின் காயத்தை மருத்துவரின் மூச்சிலிருந்து காப்பது அதன் நோக்கம். வூ அதை வேறு நோக்கத்துக்குத் திருப்பினார்: நோயாளியின் மூச்சிலிருந்து மருத்துவரைக் காப்பது. மருத்துவமனைகளில் கட்டுப்போடப் பயன்படும் வலைத்துணியை இரண்டாக மடித்து, நடுவில் பஞ்சுப் பட்டையை வைத்து, துணியின் முனைகளைக் கிழித்துத் தலைக்குப் பின்னால் கட்டும்படி அமைத்தார். பனிக்காற்றிலும் நழுவாமல் நிற்கும்; எளிதில் தைக்கலாம்; உள்ளூரில் கிடைக்கும் பொருள்; விலையும் சொற்பம். மருத்துவர் முதல் வண்டியோட்டி வரை அனைவரும் அதை அணிய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

எல்லாரும் ஏற்கவில்லை. தியான்ஜினிலிருந்து வந்த ஜெரால்ட் மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் அனுபவத்திலும் பதவியிலும் வூவுக்கு மூத்தவர். எலிகளே காரணம் என்பதில் உறுதியாக இருந்த அவர், காற்றின் வழிப் பரவல் என்ற கருத்தை ஏளனம் செய்தார். வூவின் இனத்தையும் இழித்துப் பேசினார். வூ பதவி விலக முன்வந்தார். அரசு அவரையே ஆதரித்தது. அதிருப்தியுற்ற மெனி, ரஷ்யர்கள் நடத்திய பிளேக் மருத்துவமனைக்கு முகக்கவசம் இன்றிச் சென்று நோயாளிகளைப் பரிசோதித்தார். ஒரு வாரத்துக்குள், 1911 ஜனவரி 11 அன்று இறந்தார். அந்தச் சாவு ஹார்பினை உலுக்கியது. அதன்பின் முகக்கவசம் அணிய மறுத்தவர்கள் அரிதாயினர். வூவோ அதை வெற்றியாகக் கருதும் மனநிலையில் இல்லை. ஒரு நல்ல மருத்துவரை இழக்காமலே அந்தப் பாடத்தைக் கற்றிருக்க முடியும்.

முகக்கவசம் மட்டும் நோயை நிறுத்திவிடவில்லை. ஃபூஜியாதியன் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம். அந்நிறப் பட்டையைக் கையில் அணிந்தவர்கள் தத்தம் பகுதிக்குள் மட்டுமே நடமாடலாம். வீடுவீடாகச் சென்று நோயாளிகளைத் தேடக் குழுக்கள் அமைந்தன. நோயாளிகளோடு பழகியவர்களைத் தங்கவைக்க ரஷ்ய ரயில்வேயிடமிருந்து 120 சரக்குப் பெட்டிகள் பெறப்பட்டன. நாள்தோறும் அவர்களின் உடல் வெப்பம் பார்க்கப்பட்டது. காய்ச்சல் கண்டவர் உடனே பிரிக்கப்பட்டார். சீனப் புத்தாண்டுக்காக ஊர் திரும்பும் தொழிலாளர்களின் ரயில் பயணம் கட்டுப்படுத்தப்பட்டது. நோயாளிகள் கிடந்த இடங்கள் கார்பாலிக் கரைசலால் தூய்மை செய்யப்பட்டன.

மிகக் கடினமான முடிவு இறந்தவர்களைப் பற்றியது. நிலம் கல்லாய் உறைந்திருந்ததால் புதைகுழி தோண்ட முடியவில்லை. இடுகாட்டில் 2,000-க்கும் மேற்பட்ட சவப்பெட்டிகளும் சடலங்களும் பனியில் குவிந்து கிடந்தன. முன்னோர் வழிபாட்டை உயிராகக் கருதும் ஒரு சமூகத்தில் அவற்றை எரிப்பது என்பது நினைத்துப் பார்க்கக்கூட முடியாதது. வூ அரசவைக்கு விண்ணப்பித்தார். ஊர்ப் பெரியவர்களை இடுகாட்டுக்கே அழைத்துச் சென்று காட்டினார். பேரரசின் அனுமதி வந்தது. 1911 ஜனவரி 31 அன்று, புத்தாண்டுக்கு மறுநாள், சடலங்கள் எரியூட்டப்பட்டன. அதிகாரம் கையில் இருந்தும், மக்களின் உணர்வைப் புறக்கணிக்காமல், உரிய ஒப்புதலைப் பெற்று, விளக்கிச் சொல்லிச் செயல்பட்டதை இங்கே கவனிக்க வேண்டும். மார்ச் முதல் நாளுக்குப் பிறகு ஹார்பினில் புதிய நோயாளி எவரும் இல்லை.

2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அறிவியலை அரசாணையாக மட்டும் அறிவித்தால் போதாது, மக்களிடம் நேரில் சென்று பேச வேண்டும் என்பதற்கு ஹார்பின் இடுகாடும் சென்னை இடுகாடும் இரு வேறு சான்றுகள்.

ஹார்பின் வெற்றியின் மறுபக்கம் ஒன்று உண்டு. அதிகம் பேசப்படாத அந்தப் பக்கமே இன்று நமக்கு முதன்மையானது. அங்கு நோய்த் தடுப்பில் ஈடுபடுத்தப்பட்டவர்கள் சுமார் 3,000 பேர். அவர்களுள் ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். பத்தில் ஒருவர். இந்தச் சாவு எல்லாத் தரப்பினருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. நவீன மருத்துவம் கற்ற மருத்துவர்களிலும் மாணவர்களிலும் இறந்தவர்கள் மிகச் சிலரே. நோயாளிகளையும் சடலங்களையும் தூக்கி வண்டியேற்றியவர்கள், வீடுகளைத் தூய்மை செய்த கூலித் தொழிலாளர்கள் ஆகியோரிடையேதான் பேரிழப்பு நேர்ந்தது.

காரணம் ஊகிக்கக் கடினமானதன்று. நோய் எப்படிப் பரவுகிறது என்பதை அறிந்தவர் கவசத்தை ஏன் அணிகிறோம் என்று அறிந்து அணிகிறார். அறியாதவருக்கு அது மூச்சை முட்டும் ஒரு துணி; மேலதிகாரி நகர்ந்ததும் கழுத்துக்கு இறங்கிவிடும். மருத்துவர் நோயாளியின் அருகில் சில நிமிடங்கள் நிற்கிறார். தூக்குபவர் நாள் முழுவதும் நிற்கிறார். ஆபத்து மிகுதியான இடத்தில் கூலி குறைவு, பயிற்சி குறைவு, பாதுகாப்பும் குறைவு. பொருளியலில் ஒரு கொள்கை உண்டு: ஆபத்தான வேலைக்குச் சந்தை கூடுதல் ஊதியம் தரும் என்று அது சொல்லும். வேறு வேலை கிடைக்காத ஏழையின் விஷயத்தில் இக்கொள்கை எவ்வளவு தவறானது என்பதற்கு ஹார்பினின் சவவண்டிகளே சாட்சி.

அந்தத் தொழிலாளி தனக்கு மட்டும் ஆபத்தைத் தேடிக்கொள்ளவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தொற்றுக்கு ஆளான பணியாளர் அடுத்த நோயாளிக்கும், சக ஊழியருக்கும், தம் வீட்டாருக்கும் நோயைக் கொண்டுசெல்கிறார். மருத்துவமனையே நோயின் பட்டறை ஆகிவிடுகிறது. எனவே ஒரு பணியாளரின் கவசத்துக்குச் செலவிடும் பணம் அவரோடு முடிந்துவிடுவதில்லை. ஊருக்கே பயன் தருகிறது. ஊருக்கே பயன் தரும் ஒன்றைத் தனிமனிதர் தம் பையிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று விடுவது பொருளியல் நோக்கிலும் பிழை, அற நோக்கிலும் பிழை.

நம் நாட்டில் சேவையைத் தியாகமாகப் போற்றும் மரபு நெடியது. புணேயில் பிளேக் பரவியபோது, மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை முகாமுக்கு நோயாளிகளைத் தாமே சுமந்து சென்ற சாவித்ரிபாய் ஃபுலே, அந்நோய்க்கே பலியாகி 1897-இல் மறைந்தார். அவரை வணங்குகிறோம், வணங்க வேண்டும். ஆனால், காக்கும் வழியே அறியப்படாத காலத்தின் தியாகம் அது. வழி அறியப்பட்ட பிறகும் ஒரு செவிலியரோ தூய்மைப் பணியாளரோ அவ்வாறு இறப்பாரானால் அதைத் தியாகம் என்று சொல்லி நாம் கடந்துபோகக் கூடாது. அது யாரோ செய்யத் தவறிய கடமையின் விளைவு.

வூவும் அப்படித்தான் கருதினார் என்பதை ஹார்பினுக்குப் பிந்தைய அவர் வாழ்க்கை காட்டுகிறது. 1911 ஏப்ரலில் முக்டென் நகரில் 11 நாடுகளின் வல்லுநர்கள் கூடிய பன்னாட்டுப் பிளேக் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். வயது 32. புகழோடு தலைநகர் திரும்பி வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ 1912-இல் ஹார்பினைத் தலைமையிடமாகக் கொண்டு மஞ்சூரியப் பிளேக் தடுப்புப் பணித்துறையை உருவாக்கி, நோய் இல்லாத ஆண்டுகளிலும் மருத்துவமனைகளையும் ஆய்வுக்கூடத்தையும் பயிற்சி பெற்ற பணியாளர்களையும் தயார் நிலையில் வைத்திருந்தார். 1920-21-இல் நுரையீரல் பிளேக் மீண்டும் வந்தபோது இறந்தோர் சுமார் 9,000 பேர். அதுவும் பெருந்துயரமே. எனினும் பத்தாண்டுகளுக்கு முன் இறந்த 60,000 பேரோடு ஒப்பிட்டால், சும்மா இருந்த காலத்தில் செய்த செலவின் பயன் விளங்கும். நோய் இல்லாத ஆண்டில் செய்யும் செலவு வீண் என்று கணக்குப் பார்க்கும் நிதித்துறைகள் இந்த இரு எண்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

1915-இல் சீன மருத்துவச் சங்கம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர் அவர். 1926-இல் ஹார்பினில் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதே ஆண்டில் நுரையீரல் பிளேக் பற்றிய அவரது விரிவான நூலை உலக நாடுகள் சங்கம் வெளியிட்டது. 1930-இல் சீனத் துறைமுகங்களின் தொற்றுத் தடைக்காப்புப் பணிக்குத் தலைவரானார். 1935-இல் மருத்துவ நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1937-இல் ஜப்பானியப் படையெடுப்பு அவர் கட்டியெழுப்பிய பலவற்றைச் சிதைத்தது. அவர் மலாயாவுக்கே திரும்பி ஈப்போ நகரில் சாதாரண மருத்துவராகப் பணியாற்றினார். ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். பொது நூலகம் ஒன்றுக்காக நன்கொடை திரட்டினார். 1959-இல் தன்வரலாற்றை வெளியிட்டார். 1960 ஜனவரி 21 அன்று, பிறந்த ஊரான பினாங்கில் 80-ஆம் வயதில் காலமானார்.

இனி நம் பக்கம் திரும்புவோம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அடுத்த நான்கு மாதங்களில் கொரோனா வந்துவிட்டது. புதிய மாவட்ட நிர்வாகம் தவழ்ந்து பழகும் முன்பே ஓட வேண்டியதாயிற்று. குற்றாலத்தின் அருவிகள் ஆளரவமின்றிப் பல மாதங்கள் தனியே கொட்டிக்கொண்டிருந்தன. அருவியை நம்பிப் பிழைக்கும் கடைக்காரர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளர்களும் வருவாய் இழந்தனர். அருவியை மூடலாம், பேருந்தை நிறுத்தலாம். மருத்துவமனையை மூட முடியாது. ஊர் அடங்கியிருந்தபோது பணிக்குச் சென்றவர்கள் அங்குள்ள செவிலியர்களும் ஆய்வக நுட்பர்களும் தூய்மைப் பணியாளர்களும்தாம்.

அந்தப் பெருந்தொற்றின் தொடக்க மாதங்களில் கவச உடைக்கும் என்-95 முகக்கவசத்துக்கும் நாடெங்கும் நிலவிய தட்டுப்பாடு நினைவிருக்கும். உலக அளவில் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை சுமார் 1,15,500 மருத்துவப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நடுநிலை மதிப்பீடு. இந்தியாவில் இரு அலைகளிலுமாக ஏறத்தாழ 1,500 மருத்துவர்களை இழந்ததாக இந்திய மருத்துவச் சங்கம் கணக்கிட்டது. மருத்துவர்களுக்குக் கணக்கு வைக்க ஒரு சங்கம் இருந்தது. வார்டைத் துடைத்தவருக்கும் ஸ்ட்ரெச்சர் தள்ளியவருக்கும் சடலத்தைப் பையிலிட்டவருக்கும் யார் கணக்கு வைத்தார்கள்? இத்தகைய விவரம் மத்திய அரசிடம் பராமரிக்கப்படவில்லை என்றே 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இறந்த பணியாளர் குடும்பங்களுக்கு 50 லட்சம் ரூபாய்க் காப்பீடு அறிவித்தது நல்ல செயல். ஆயினும் இழப்பீடு என்பது இழந்த பின் தருவது; கவசம் என்பது இழக்காமல் இருக்கத் தருவது. 110 ஆண்டுகளுக்கு முன் ஹார்பினில் பிளேக்கை எதிர்த்து நின்றவர்களுக்காவது பணிவாரியாக ஒரு கணக்கு இருந்தது.

தென்காசிக்கு இக்கவலை கூடுதலாகவே வேண்டும். இது எல்லை மாவட்டம். செங்கோட்டையைக் கடந்தால் கேரளம். கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைக்கும் ரயில் பாதை 1904-லேயே போடப்பட்டது. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு இரு மாநிலங்களிலிருந்தும் மக்கள் வெள்ளம் வருகிறது. கேரளத்தில் நிபா தென்படும்போதெல்லாம் புளியறை சோதனைச் சாவடியில் கண்காணிப்பு என்ற செய்தியைப் படிக்கிறோம். சாவடியில் நெற்றியில் வெப்பமானி காட்டுவது கண்ணுக்குத் தெரியும் ஏற்பாடு. நிபா உண்மையில் எங்கே பரவியது என்பதை நாம் அறிவோம். 2018-இல் கோழிக்கோடு பகுதியில் 17 பேரைப் பலிகொண்ட அந்நோய்க்குப் பெரும்பாலோர் ஆளானது மருத்துவமனைகளின் தாழ்வாரங்களிலும் வார்டுகளிலும்தான். பேராம்பரா அரசு மருத்துவமனையில் தொடக்க நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி, இரு சிறு குழந்தைகளை விட்டு மறைந்தார். அப்போது அவர் எதிர்கொண்ட நோய் இன்னதென்றே எவருக்கும் தெரியாது.

இங்கேதான் தொற்றுத் தடுப்பின் அடிப்படை இருக்கிறது. நோயின் பெயர் தெரிந்தபின் கவசம் தேடுவது காலந்தாழ்ந்த செயல். எந்த நோயாளியிடமும் தொற்று இருக்கக்கூடும் என்று கருதி, ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கைகழுவுவது, இருமலோடு வருபவருக்கு வாசலிலேயே முகக்கவசம் தந்து தனியே அமர்த்துவது, வார்டின் சன்னல்களைத் திறந்து வைப்பது, கவச உடையை அணியும் முறையைவிடக் கழற்றும் முறையைக் கூடுதல் கவனத்தோடு பழகுவது, ஊசிகளையும் கழிவுகளையும் உரிய நிறப் பைகளில் பிரிப்பது ஆகியவை சாதாரண நாள்களின் வழக்கமாக வேண்டும். வழக்கமாகாத ஒன்றை நெருக்கடி நாளில் எவராலும் திடீரெனச் செய்துவிட முடியாது. கழற்றும்போது வெளிப்புறத்தைத் தொட்ட கை கண்ணைத் தேய்த்தால், எவ்வளவு விலை உயர்ந்த கவசமும் பயனற்றதே.

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. தண்ணீர் வரும் குழாய், சோப்பு, முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் கவசம், ஆண்டுக்கு இருமுறை முறையான பயிற்சி ஆகியன போதும். அந்தப் பயிற்சி மருத்துவரில் தொடங்கிச் செவிலியரோடு முடிந்துவிடக் கூடாது. தமிழக அரசு மருத்துவமனைகளில் தூய்மைப் பணியில் பெரும்பகுதி ஒப்பந்த நிறுவனங்களின் வழி நடக்கிறது. ஒப்பந்தப் பணியாளர் யாருடைய ஊழியர் என்ற கேள்விக்கு விடை தேடுவதற்குள் தொற்று அவரைத் தேடி வந்துவிடும். கவசமும் தடுப்பூசியும் பயிற்சியும் நோய்வாய்ப்பட்டால் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் ஒப்பந்தத்தின் கட்டாய விதிகளாக எழுதப்பட வேண்டும். காய்ச்சலோடு வேலைக்கு வராவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்றால், அவர் காய்ச்சலோடு வருவார். அது அவர் குற்றமன்று.

மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றும் ஒரு கொள்ளைநோய் தொடங்கினால் முதல் சில வாரங்களைத் தாங்கும் அளவுக்குக் கவசங்களைக் கையிருப்பில் வைத்து, காலாவதியாகும் முன் அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு, புதியவற்றை நிரப்பி வர வேண்டும். குற்றாலச் சாரல் காலத்துக்கு முன்பாகக் காவல் துறையும் பேரூராட்சியும் ஆண்டுதோறும் முன்னேற்பாட்டுக் கூட்டம் நடத்துவதுபோல், மருத்துவமனைகளின் தொற்றுத் தடுப்பு ஒத்திகைக்கும் ஒரு நாள் குறிக்கலாம். பணியிலிருக்கும்போது தொற்றுக்கு ஆளாகும் ஒவ்வொருவரும், அவர் எந்த நிலையில் பணிபுரிபவராக இருந்தாலும், பணிவாரியாகப் பதிவு செய்யப்பட வேண்டும். எண்ணப்படாதவரை எந்தத் திட்டமும் காப்பதில்லை.

வூ லியன்தே கண்ட முகக்கவசத்தில் அரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. துணி, பஞ்சு, இரண்டு முடிச்சு. அதன் அருமை, அது எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று எண்ணி எளிய பொருளில் அமைக்கப்பட்டதில் இருந்தது. அவர் வாழ்நாளின் பெருங்குறை என்று ஒன்றைச் சொல்வதானால், அது மருத்துவரைக் காத்த அளவுக்குச் சவவண்டி இழுத்தவரைக் காக்கவில்லை என்பதே. அந்தக் குறையைக் களையும் வேலையை அவர் நம்மிடம் விட்டுச் சென்றிருக்கிறார். அடுத்த கொள்ளைநோய் எந்த மலைக்கணவாய் வழியே, எந்த ரயிலில் வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. வரும் நாளில் தென்காசி மருத்துவமனையின் கடைநிலைத் தூய்மைப் பணியாளர் பொருத்தமான கவசத்தோடும், அதை ஏன் அணிகிறோம் என்ற தெளிவோடும் வார்டுக்குள் நுழைவாரா என்பதை மட்டும் நம்மால் இன்றே முடிவுசெய்ய இயலும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).